குடியேறிய ஊருக்கு வரலாறு எழுதும் முறை

திருகோணமலை மாவட்டத்தில் கொலனி, குடியேற்றத்திட்டம், இடம்பெயர்ந்து வந்தவர்கள் காடு வெட்டி உண்டாக்கிய சிற்றூர் என்று நூறு வயதுகூட ஆகாத ஊர்கள் நிறைய. கோயில் கும்பாபிஷேக மலரிலோ பள்ளிக்கூடத்துப் பொன்விழா மலரிலோ இவற்றின் வரலாறு இரண்டு பக்கத்தில் வரும்: ஓர் ஆண்டு, ஒரு பெரியவரின் பெயர், ஓர் அரசியல்வாதிக்கு நன்றி. அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இராது. அடுத்த மலர் முந்திய மலரைப் பார்த்து எழுதும். இதைவிட நன்றாகச் செய்ய இரண்டு மூன்று பேரும் ஒரு கைபேசியும் சில கொப்பிகளும் போதும். பொறுமைதான் கூடுதலாக வேண்டும்.

தொடக்கம் ஒன்றல்ல

உலகத்திலேயே மிக நன்றாகப் பதிவான சிறு விவசாயக் குடியிருப்புகளில் இஸ்ரேலின் கிபுட்ஸ்கள் (எல்லோரும் கூட்டாக உழைத்து வாழும் ஊர்கள்) அடங்கும். முதல் கிபுட்ஸ் என்று சொல்லப்படும் டெகானியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கலிலேயாக் கடலின் தெற்கு முனையில் உம் ஜூனி என்ற அரபுக் கிராமத்து நிலத்தில் 1909இல் சில தொழிலாளர் வந்து ஒரு பருவம் பயிர் செய்துவிட்டுப் போனார்கள். 1910 ஒக்டோபர் 28இல் பத்து ஆண்களும் இரண்டு பெண்களும் கொண்ட வேறொரு குழு வந்து நிலைத்தது. இன்றைய இடத்துக்கு அவர்கள் மாறியது 1912இல். 1920இல் பக்கத்தில் டெகானியா பெட் உருவானபின் பழையது டெகானியா அலெஃப் ஆனது. இவற்றில் எது தொடக்கம்? விழா எடுப்பவர்களுக்கு 1910. நிலத்தில் முதலில் ஏர் பூட்டியவர்களைத் தேடுகிறவருக்கு 1909. வீடுகளைப் பார்ப்பவருக்கு 1912.

நம்முடைய ஊர்களிலும் இதே சிக்கல்தான். ஆகவே கொப்பியின் முதற்பக்கத்தில் 'ஊர் உருவான ஆண்டு' என்று ஒரு வரி விடாதீர்கள். காடு வெட்டத் தொடங்கியது, ஆண்கள் வாடி (தற்காலிகக் குடிசை) போட்டுத் தங்கியது, முதற் குடும்பம் பெண்டு பிள்ளைகளோடு வந்து இரவு தங்கியது, காணிக் கச்சேரி (காணி பெறுவோரைத் தெரிந்தெடுக்கும் அரச அமர்வு) நடந்தது, பேர்மிற் (காணி அனுமதிப்பத்திரம்) கையில் கிடைத்தது, முதல் அறுவடை, பள்ளிக்கூடம் திறந்தது, ஊர்ப்பெயர் அரச பதிவில் ஏறியது என்று எட்டு வரி விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆண்டு, யார் சொன்னது, எந்தப் பத்திரம் என்று மூன்று பத்திகள். எட்டும் நிரம்பாது, நிரம்பாததை வெற்றாகவே விடுங்கள். ஊரில் இரண்டு பேர் ஆண்டு பற்றிச் சண்டை பிடித்தால், பெரும்பாலும் ஒருவர் வாடி போட்ட ஆண்டையும் மற்றவர் பேர்மிற் கிடைத்த ஆண்டையும் சொல்லிக்கொண்டிருப்பார். இருவரும் சரி.

பேர்மிற்றை வாசிக்கும் விதம்

குடியேற்ற ஊர்களின் தாய்ப் பத்திரம் 1935இன் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம். வீட்டில் றங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்கள். வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அந்த வீட்டுத் திண்ணையிலேயே பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். பேர்மிற் வெளியே போனால் காணி போய்விடும் என்ற பயம் நியாயமானது.

முதலில் வழங்கப்பட்ட திகதி. இது குடியேறிய திகதி அல்ல. காட்டை வெட்டி ஓரிரு போகம் செய்தபின்தான் பலருக்குக் கையில் கிடைத்தது. அடுத்து அட்டவணையில் உள்ள நில அளவைப் படத்தின் இலக்கமும் துண்டு இலக்கமும். அந்தப் படத்தைத் தேடிப் பிடித்தால், அளந்த திகதி அதில் இருக்கும். அது பேர்மிற்றுக்கு முந்தியதாகவே இருக்கும். பிறகு விஸ்தீரணம். இங்கேதான் படித்த பிள்ளைகள்கூடப் பிழை விடுகிறார்கள். 2–1–20 என்றிருந்தால் அது 2 ஏக்கர் 1 றூட் 20 பேர்ச். ஓர் ஏக்கருக்கு 4 றூட், ஒரு றூட்டுக்கு 40 பேர்ச். ஆகவே அது 2.375 ஏக்கர், 2.12 அல்ல. ஊர் முழுவதையும் கூட்டி ஹெக்டயரில் எழுதும்போது (1 ஹெக்டயர் 2.471 ஏக்கர்) இந்தப் பிழை பெருகி ஒரு வயல்வெளியையே விழுங்கிவிடும்.

ஆரம்பகாலக் குடியேற்றத்திட்டங்களில் குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் என்று தொடங்கிய அளவு பின்னால் வந்த திட்டங்களில் குறைந்துகொண்டே போனது. ஒரே ஊரில் இரண்டு விதமான அளவு கண்டால், இரண்டு கட்டமாகக் குடியேற்றம் நடந்திருக்கலாம் என்று முதலில் ஊகியுங்கள். பிறகு திகதிகளை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேர்மிற்றில் பின்னுரித்தாளர், அதாவது அடுத்துக் காணி யாருக்குப் போக வேண்டுமோ அவர் பெயரும் இருக்கும். குடிவழி வரைய இது உதவும். ஆனால் இதையே குடிவழியாக எடுத்துக்கொண்டால் ஊரில் பெண்களே இருந்திருக்கவில்லை என்ற முடிவுக்குத்தான் வருவீர்கள். பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத காணிக்குச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, 2022இல் திருத்தப்படும்வரை, ஆண்பிள்ளைக்கே முதலிடம் தந்தது. எங்கள் பக்கத்து வழக்கமோ வேறு. மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவதே வழமை; வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். எனவே பேர்மிற்றில் தகப்பன் அல்லது மூத்த மகன் பெயர், வீட்டில் இருப்பது மகளும் மருமகனும், வயலைச் செய்வது இன்னொரு மருமகன் என்று ஒரே காணியில் மூன்று உண்மை கிடக்கும். வீடு வீடாகப் போகும்போது மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்: காணி யார் பேரில், வீடு யாருக்குச் சீதனம், வயல் யார் செய்கிறது. இந்த மூன்று கேள்வியையும் ஒன்றாக்கினால் எந்த வளவில் யார் என்று காட்டும் வளவுப்படம் முழுவதும் பிழைத்துவிடும். வீட்டின் வரலாற்றைப் பெண்வழியிலும் காணிப் பத்திரத்தின் வரலாற்றை ஆண்வழியிலும் இரண்டு வரைபடமாகப் போடுவதே எங்கள் ஊர்களுக்குச் சரி.

மற்றப் பத்திரங்கள்

பள்ளிக்கூடத்துச் சேர்விடாப்பை அதிபரிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் பெயரோடு தகப்பன் பெயர், முகவரி, முன்பு படித்த பள்ளிக்கூடம் என்றிருக்கும். முதல் ஐம்பது பெயர்களின் 'முன்பு படித்த பள்ளிக்கூடம்' பத்தியைப் பார்த்தாலே ஊரவர் எங்கெங்கிருந்து வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, மலைநாட்டுத் தோட்டமா என்று பெரியவர்கள் சொல்லத் தயங்குவதை அந்தப் பத்தி தயங்காமல் சொல்லும். அதிபர் எழுதிய சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் வெள்ளம், அம்மை, அறுவடைக்காலத்தில் பிள்ளைகள் வராதது எல்லாம் திகதியோடு இருக்கும்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பிறந்த இடம் என்ற பகுதியை நம்ப வேண்டாம். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்குத் திருகோணமலை என்றே இருக்கும். அறிவித்தவரின் வதிவிடத்தைப் பாருங்கள். வாக்காளர் இடாப்பில் ஊர்ப்பெயர் எந்த ஆண்டில் முதலில் தோன்றுகிறது என்பது அரச கணக்கில் ஊர் பிறந்த ஆண்டைத் தரும். பங்கீட்டு அரிசிக்கான பழைய கூப்பன் புத்தகம் யாரிடமாவது இருந்தால் கும்பிட்டு வாங்கிப் படமெடுங்கள். குடும்பம் எந்தச் சங்கக்கடையில் அரிசி எடுத்தது என்பதிலிருந்து அப்போது எங்கே இருந்தது என்பது தெரியும்.

கிபுட்ஸ் வரலாற்றாளர்களுக்குப் பொதுச்சபைக் கூட்டக் குறிப்பும் அன்றாட வேலைப் பங்கீட்டுப் பட்டியலும் கிடைக்கின்றன. யார் பால் கறந்தார், யார் சமையலறையில் நின்றார் என்பதுவரை அதில் உண்டு. அதற்கு நிகராக நம்மிடம் இருப்பவை கமக்காரர் அமைப்பின் கூட்டக் கொப்பி, வயல் தண்ணீரை மேற்பார்க்கும் வட்டவிதானையின் நீர்ப்பங்கீட்டுக் குறிப்பு, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அறிக்கைப் புத்தகம், மாதர் சங்கத்துச் சீட்டுக் கணக்கு. கடைசியில் சொன்னதைக் கேட்கவே யாரும் போவதில்லை. பெண்களின் பெயர் தொடர்ந்து வருவது அதிலேதான்.

1960களின் தொடக்கத்துக்கு முந்திய அரச கோப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பிந்தியவற்றில் பல சிங்களத்தில். தமிழ்ப்பெயர் இரண்டிலும் உருமாறியிருக்கும். ஒரே ஆளை மூன்று ஆளாக எண்ணிவிடாமல் பெயருக்கு எதிரே மற்ற எழுத்துவடிவங்களையும் எழுதி வையுங்கள். 1963க்கு முந்திய கடிதங்களில் விதானையார் (ஊர்த் தலைவர்) கையொப்பம் இருக்கும். அந்த ஆண்டுதான் விதானை முறை போய்க் கிராம சேவகர் வந்தார். திகதியில்லாத கடிதத்தின் காலத்தைக் கணிக்க அது ஒரு பிடி.

பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவுக்குப் போகும்போது வாய்மொழியாகக் கேட்டு அலையாதீர்கள். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 'எங்கள் ஊர்க் காணி விபரம் எல்லாம்' என்று கேட்டால் மறுப்புத்தான் வரும். இன்ன குடியேற்றத்திட்டத்துக்குக் காணிக் கச்சேரி நடந்த திகதிகள், வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களின் தொகை ஆண்டுவாரியாக, பயன்பட்ட நில அளவைப் படங்களின் இலக்கம் என்று தனித்தனியாக எண் போட்டுக் கேளுங்கள். தனியாட்களின் பெயர் கேட்காதவரை இழுத்தடிக்கக் காரணம் குறைவு.

பேசவைத்துப் பதிவுசெய்தல்

'எத்தனையாம் ஆண்டு வந்தீங்கள்?' என்று தொடங்கினால் மலரில் வாசித்த ஆண்டைத்தான் சொல்வார்கள். ஆண்டைக் கேட்காமல், எல்லோருக்கும் தெரிந்த சம்பவத்துக்கு முன்னோ பின்னோ என்று கேளுங்கள். இந்த மாவட்டத்துக்கு உதவும் அடையாளங்கள்:

1942 ஏப்ரல் 9, துறைமுகத்தில் யப்பான்காரன் குண்டு போட்டது
1964 டிசம்பர் சூறாவளி
1971 ஏப்ரல் ஊரடங்கு
1970களின் நடுவில் பாண் வரிசையும் அரிசித் தட்டுப்பாடும்
1978 நவம்பர், மட்டக்களப்பை அழித்த சூறாவளி
1983 ஜூலைக் கலவரம்
1986 ஏப்ரல் 20, கந்தளாய்க் குளம் உடைந்தது
1987, இந்திய இராணுவம் வந்தது
1990 ஜூன், போர் மறுபடி மூண்டது
2004 டிசம்பர் 26, சுனாமி
2006, சம்பூர்ப் பக்கத்து இடப்பெயர்வு

இதற்குமேல் குடும்பத்துக்குள் போங்கள். 'அம்மாச்சி, புயலடிக்கேக்க மூத்தவன் மடியிலயோ, நடக்கிறவனோ?' என்றால் பதில் உடனே வரும். மூத்தவரின் பிறப்புப் பத்திரத்தோடு ஒட்டிப் பார்த்தால் ஆண்டு ஆறு மாதத்துக்குள் அகப்படும்.

முஸ்லிம் ஊர்களில் நோன்பு மிக நல்ல அளவுகோல். நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். 1950இல் அது ஜூன் நடுவில் தொடங்கியது. 1966இல் டிசம்பர் நடுவில். 'மாரி மழைக்குள்ள நோன்போட காடு வெட்டினம்' என்று ஒரு வாப்பா சொன்னால், அது 1950களின் தொடக்கமாக இருக்க வழியில்லை. 1960களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம்வரை தேடுங்கள்.

மாதப்பெயரில் ஒரு பொறி உண்டு. எங்கள் பேச்சில் மார்கழி என்றால் டிசம்பராகவும் இருக்கலாம், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரையும் இருக்கலாம். 'திருவெம்பாவைக்கு முன்னமோ?' என்று ஒரு கேள்வி போட்டால் தெளியும். பெரும்போகமும் இரண்டு ஆண்டில் கால் வைக்கும். 1958இல் விதைத்தது 1959இல் அறுபடும். 'முதற்போகம்' என்று சொன்னால் விதைப்பா வெட்டா என்று கேட்டு, 1958/59 என்று இரண்டையும் எழுதுங்கள்.

ஒருவரிடம் ஓர் இருப்பில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசவைக்க வேண்டாம். ஒரு மணித்தியாலப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணித்தியாலம் எடுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நாற்பது பேரைப் பதிந்துவிட்டு ஒன்றையும் எழுதாமல் கிடக்கும் முயற்சிகளே அதிகம். பத்துப் பேரைப் பதிந்து பத்தையும் எழுதுவது மேல். ஃபேனை நிறுத்துங்கள், கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு மடித்த துவாயின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் சத்தம் பேச்சை விழுங்கும். தொடக்கத்தில் திகதி, இடம், பேசுபவர் பெயர், பதிவுக்குச் சம்மதம் நான்கும் ஒலியிலேயே இருக்கட்டும். ஆணும் பெண்ணுமாக இருவரையும் ஒன்றாக இருத்தினால் ஆண்தான் பேசுவார். தனித்தனியாகப் பதியுங்கள். கிணறு வெட்டினது, பாம்பு கடித்தது, மருத்துவிச்சி வந்தது, பட்டினி கிடந்தது பெண்களிடம்தான் இருக்கிறது.

முன்பு இருந்தவர்கள்

'வரும்போது வெறுங்காடு' என்று எல்லாக் குடியேற்ற ஊர்களும் சொல்லும். டெகானியாவுக்கு முன் உம் ஜூனி இருந்தது. அதைச் சொல்லாத டெகானியா வரலாறு அரைகுறை. நம் பக்கத்தில் இந்த விடயம் இன்னும் சூடானது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் 'எங்களுக்கு முன் யாருமில்லை' என்று சொல்லும் காணிகள் இந்த மாவட்டத்தில் உண்டு. வரலாறு எழுதுகிறவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கண்டதை மறைக்கக் கூடாது.

காண்பதற்கு வழி இது. பழைய ஒரு மைலுக்கு ஓர் அங்குல நில அளவைப் படத்தில் கைவிடப்பட்ட குளங்கள் அப்படியே குறிக்கப்பட்டிருக்கும். குளம் இருந்த இடத்தில் வயலும் ஆட்களும் இருந்திருக்க வேண்டும். அணைக்கட்டின் நீளத்தை நடந்து அளந்து, புளி, இலுப்பை, பனை போன்ற வைத்த மரங்கள், ஓட்டுத்துண்டு, கிணற்றுக் கல் கிடக்கும் இடங்களைக் குறியுங்கள். எதையும் தோண்டாதீர்கள், எடுக்காதீர்கள். தொல்பொருள் சட்டம் அதற்கு இடம் தராது. பிறகு பழைய எழுத்துகள். டச்சு அதிகாரி வான் சென்டன் 1786இல் கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் பற்றுகளில் பயணம் செய்து ஊர் ஊராக எழுதிய நாட்குறிப்பு இந்த மாவட்டத்துக்குக் கிடைத்த பொக்கிஷம். உங்கள் ஊர்ப்பெயரோ பக்கத்துக் குளத்தின் பெயரோ அதில் உண்டா என்று பாருங்கள். கோணேசர் கல்வெட்டு வேறு வகை; பெயர் அப்படி என்றாலும் அது கல்லில் வெட்டியதல்ல, கோணேசர் கோயிலின் மரபைப் பாடும் பழைய நூல். குளக்கோட்டன் என்ற மன்னன் ஆட்களைக் கொண்டுவந்து கோயிற் தொழும்புக்குக் குடியிருத்திய மரபை அது சொல்கிறது. அதை மரபு என்றே எழுதுங்கள். அதிலுள்ள பெயரை எடுத்து உங்கள் கொலனியின் தொடக்கத்தோடு முடிச்சுப் போட வேண்டாம்.

ஊர்ப்பெயர் மாறியிருந்தால் எல்லாப் பெயரையும் எழுதுங்கள்: ஆட்கள் சொல்வது, கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயர், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் யுனிற் இலக்கம், சிங்களத்தில் வழங்குவது. இவற்றின் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. சனத்தொகையை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது எந்த எல்லைக்கான கணக்கு என்று பார்க்காவிட்டால், எல்லை மாறியதைச் சனம் பெருகியதாக எழுதிவிடுவீர்கள். 1981க்குப் பிறகு 2012 வரை இந்த மாவட்டத்துக்கு முழுமையான குடிசன மதிப்பீடு இல்லை. 2001இல் எடுத்தது அரைகுறை. இடைப்பட்ட காலத்துக்குப் பெரும்பாலும் நிவாரணப் பட்டியலும் மீள்குடியேற்றப் பட்டியலும்தான் கதி, அவற்றில் இரட்டைப் பதிவு இருக்கும்.

பிளவும் இடப்பெயர்வும்

1921இல் தொடங்கிய ஐன் ஹரோட் கிபுட்ஸ் 1950களின் தொடக்கத்தில் அரசியல் பிணக்கால் இரண்டாகப் பிரிந்தது. இன்றும் இரண்டு பெயரில் இரண்டு ஊர்களாக இருக்கிறது. நம் ஊர்களில் கோயில் நிர்வாகம், சங்கக்கடை, வாய்க்கால் தண்ணீர் என்று பிளவு வரும். இரு தரப்பின் கூட்டக் கொப்பியையும் பாருங்கள். ஒரு தரப்பின் கொப்பி மட்டும் கிடைத்தால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எழுதுங்கள். பிணக்கின் காரணத்தை எழுத ஊர் விடாவிட்டாலும், எந்தத் திகதிக்குப் பின் கூட்டம் தனித்தனியாக நடந்தது என்பதையாவது போடுங்கள்.

இடம்பெயர்ந்த ஆண்டுகளை 'இக்காலத்தில் ஊர் வெறிச்சோடியது' என்று ஒரு வரியில் கடக்க வேண்டாம். ஊர் அப்போது வேறு இடத்தில் இருந்தது. எந்த முகாமில், எத்தனை குடும்பம், யார் இந்தியாவுக்குப் போனது, யார் திரும்பவில்லை, திரும்பி வந்தபோது எந்த வளவில் வேறு ஆள் இருந்தது என்று பட்டியலிடுங்கள். இறந்தவர், காணாமற்போனவர் பெயர்களைக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் அச்சிடக் கூடாது. சம்மதம் தராதவருக்கு ஏன் என்ற கேள்வியும் வேண்டாம்.

அச்சுக்குப் போகுமுன்

பேர்மிற் இலக்கம், துண்டு இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எதுவும் நூலில் வரக் கூடாது. காணிப் பிணக்குள்ள வளவுகளைப் படத்தில் எண்ணால் குறிக்காமல் வீதிப் பெயரோடு நிறுத்துங்கள்; நீங்கள் அச்சிட்ட படம் நாளைக்கு வழக்கில் நீட்டப்படும்.

படங்களைச் ஸ்கேன் செய்யும்போது கடதாசிக்கு 300 டிபிஐ, சிறிய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்துக்கு 600. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடே சாய்வான வெளிச்சத்தில் எடுங்கள். படத்தின் பின்புறம் பேனையால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும், பென்சிலால் எழுதுங்கள். பழைய பத்திரத்தை லமினேற் செய்து தருகிறோம் என்று யாராவது உதவிக்கு வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள், பிறகு அதைப் பிரிக்க முடியாது. எல்லாக் கோப்பும் மூன்று பிரதி, அதில் ஒன்று ஊருக்கு வெளியே, முடிந்தால் மாவட்டத்துக்கு வெளியே. கடல் வந்ததையும் ஷெல் விழுந்ததையும் பார்த்த ஊருக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

வரைவை முதலில் பத்துப் பிரதி ஃபோட்டோக் கொப்பி எடுத்து, வாசிக்க முடியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வரும் திருத்தங்களை மேலெழுதாமல் தனிச் சீட்டில், சொன்னவர் பெயரோடும் திகதியோடும் எழுதிக் கோவையில் போடுங்கள். ஒன்றுக்கொன்று முரணான திருத்தம் வந்தால் இரண்டையும் நூலில் கொடுங்கள். ஐஎஸ்பிஎன் இலக்கத்துக்குத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் அச்சுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அந்த இலக்கம் பின்னட்டையிலும் தலைப்புப் பக்கத்தின் மறுபுறத்திலும் வரவேண்டியிருப்பதால், அச்சான பின் வாங்கினால் ஒட்டுத்தாள்தான் கதி. மின்பிரதியை இணையத்தில் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுத்தால் எங்கிருந்தும் வாசிக்கலாம். ஒலிப்பதிவுகளையும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால், பேசியவர்களிடம் அதற்குத் தனிச் சம்மதம் வாங்குங்கள்; நூலுக்குத் தந்த சம்மதம் குரலுக்குச் செல்லாது.